சுரங்கம் போட்டுக் கொடுத்த பாதை

கிராவல் பைக், அதாவது சரளையிலும் மண் பாதையிலும் ஓட்டுவதற்கென்றே செய்த சைக்கிள், வாங்கியவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் "இயற்கையான" பாதை தேடி அலைய ஆரம்பிப்பார்கள். தார் வேண்டாம், கார் வேண்டாம், மனிதக் கை படாத காடு வேண்டும். நானும் அந்தக் கூட்டம்தான். ஆனால் ஓட்டிய இடங்களிலேயே மிகவும் பிடித்தது எது என்று கேட்டால், மனிதக் கை படாத ஒரு சதுர அடிகூட இல்லாத ஓர் இடத்தைத்தான் சொல்வேன். பெல்ஜியத்தின் லிம்பர்க் மாகாணத்தில், மாஸ் ஆற்றுக்கு மேற்கே இருக்கும் ஹோகே கெம்பன் தேசியப் பூங்கா. 2006-ல் திறந்தார்கள், அந்த நாட்டின் முதல் தேசியப் பூங்கா, அப்போதே சுமார் 5,700 ஹெக்டேர். பைன் காடு, ஆகஸ்டில் ஊதாவாகப் பூக்கும் ஹெதர் புதர்வெளி, வெள்ளை மணல், நீலமாக ஏரிகள். படத்தில் பார்த்தால் காலங்காலமாக அப்படியே இருக்கிறது என்றுதான் தோன்றும். ஆனால் டயருக்குக் கீழே வருகிற ஏறக்குறைய எல்லாமே ஏதோ ஒரு வகையில் தோண்டினதன் மிச்சம், அல்லது தோண்டுவதற்காகச் செய்த ஏற்பாடு.

கதை 1901-ல் தொடங்குகிறது. அந்த ஆகஸ்டில் ஆஸ் என்கிற சின்ன ஊரில் ஆந்த்ரே டூமோன் என்கிற பேராசிரியர் துளை போட்டுப் பார்த்து நிலக்கரி இருப்பதைக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்ததும் அள்ளிவிட முடியவில்லை. கரி இருந்தது ஏறக்குறைய 500 மீட்டருக்குக் கீழே, அதற்கு மேலே முழுக்கத் தண்ணீர் ஊறிய மணல். சாதாரணமாகக் குழி தோண்டினால் பக்கவாட்டில் சரிந்து மூடிக்கொள்ளும். அதனால் குழி போட வேண்டிய இடத்தைச் சுற்றி வட்டமாகத் துளைகள் போட்டு, அதற்குள் கடுங்குளிரான உப்புநீரைச் சுற்றவிட்டு, மண்ணையே பனிக்கட்டியாக உறையவைத்து, அந்த உறைந்த சுவருக்கு நடுவில் இறங்கினார்கள். (இதைப் படித்த அன்றைக்கு எனக்கு வேறு எந்த வேலையும் ஓடவில்லை.) நடுவில் முதல் உலகப் போர் வேறு. வின்டர்ஸ்லாக் சுரங்கத்தில் முதல் கரி மேலே வந்தது 1917-ல்தான். மொத்தம் ஏழு சுரங்கங்கள் ஓடின. பூங்காவின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் ஐஸ்டன் 1987-ல் மூடப்பட்டது, ஏழில் கடைசியான ஸோல்டர் 1992-ல்.

சரி, இதெல்லாம் சைக்கிளுக்கு என்ன சம்பந்தம்? பைன் காட்டிலிருந்தே ஆரம்பிக்கலாம். சுரங்கத்துக்குள் கூரை இறங்காமல் முட்டுக் கொடுக்க மரம் வேண்டும், அதுவும் நேராக, மலிவாக, சீக்கிரம் வளர்கிற மரம். அதற்காகப் பழைய புதர்வெளியை அழித்து நட்டதுதான் இன்றைக்கு நாம் "காடு" என்று சொல்லி மூச்சை இழுத்துவிடும் இந்தப் பைன் தோப்பில் பெரும்பகுதி. பைனைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் சொல்வார்கள்: பாரம் தாங்காமல் உடைவதற்கு முன்னால் அது முனகும், கீழே இருப்பவர்கள் ஓடித் தப்பிக்கக் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். வரிசை வரிசையாக நட்டதால் நடுவில் விட்ட பாதைகளும் அளவுகோல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேர். ஓட்டுகிறவர்களுக்கு இது வரமும் சாபமும். வேகம் கிடைக்கும், ஆனால் முன்னால் இருக்கிற இரண்டு கிலோமீட்டரும் ஒரே பார்வையில் தெரியும், எதிர்க்காற்று இருந்தால் அந்த இரண்டு கிலோமீட்டரும் மனதைக் கொன்றுவிடும். இப்போது பைனைக் குறைத்து, மற்ற மரங்களும் புதரும் வர இடம் விடுகிறார்கள். அப்படித் திறந்துவிட்ட பகுதிகளில் ஓட்டினால் வித்தியாசம் உடனே தெரியும், பறவைச் சத்தம் கூடிவிடும், பாதை வளைய ஆரம்பிக்கும்.

கீழே கிடக்கும் சரளையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சுரங்கத்தோடு நேரடிச் சம்பந்தமில்லாதது அது ஒன்றுதான். பனியுகங்களில் மாஸ் ஆறு ஆர்டென் மலைகளிலிருந்து உருட்டிக்கொண்டு வந்து இந்த மேட்டுநிலத்தில் கொட்டிய கற்கள். உருண்டு உருண்டு முனையெல்லாம் மழுங்கிப்போன குவார்ட்சைட், அங்கங்கே சக்கிமுக்கிக் கல். உருண்டைக் கல் டயரைக் கிழிக்காது, ஆனால் அழுந்தி நிற்காது, உருளும். வளைவில் முன்சக்கரத்தைத் திருப்பினால் அது தன் இஷ்டத்துக்கு அரை அடி நகர்ந்துவிட்டுத்தான் திரும்பும். மேட்டுநிலத்தின் கிழக்கு விளிம்பு மாஸ் பள்ளத்தாக்கை நோக்கி 40-50 மீட்டர் சரிகிறது. பெல்ஜியத்தின் இந்தப் பக்கத்தில் அதுவே மலை இறக்கம் மாதிரி. அங்கே பின்பிரேக்கை மட்டும் நம்புகிறவர்கள் சறுக்கிக்கொண்டே போவதைப் பார்க்கலாம். முன்பிரேக்கை லேசாக, விடாமல் பிடித்துக்கொண்டு, உடம்பைப் பின்னால் தள்ளி இறங்குவதுதான் வழி.

அப்புறம் கழிவுமேடு. கரியோடு சேர்ந்து மேலே வந்த பாறையைப் பிரித்து, கழுவி, பல பத்தாண்டுகளாக ஒரே இடத்தில் கொட்டிக் கொட்டி உயர்ந்த கறுப்புக் குன்றுகள். ஐஸ்டனில் சுரங்கத்திலிருந்து கரியை மேலே இழுத்த இரண்டு இரும்புக் கோபுரங்களும் இன்னும் நிற்கின்றன. குன்றுகளின் அடிவாரத்தில் ஏரிகள், அவையும் பிற்காலத்தில் சரளை அள்ளியதால் உண்டான குழிகளில் தண்ணீர் நின்றதுதான். இந்தக் கறுப்புக் கல் ஆற்றுச் சரளைக்கு நேர் எதிர். தட்டைத் தட்டையான களிப்பாறைச் சில்லுகள், ஓரமெல்லாம் கூர். மெதுவாக ஓட்டினால் ஒன்றன்மேல் ஒன்று உரசி, அடுக்கி வைத்த தட்டுகள் நகர்கிற மாதிரி கிணுங்கும். ஏறும்போது எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரம் சில்லை வாரி இறைத்துவிட்டு அங்கேயே சுற்றும். சீட்டில் உட்கார்ந்து, மூக்கை ஹேண்டில் பக்கம் கொண்டுபோய், சின்னக் கியரில் ஒரே சீராகச் சுற்ற வேண்டும். முன்னால் 40 பல், பின்னால் 42 அல்லது 44 பல் இருந்தால் போதும், அதற்கு மேலும் செங்குத்தாக இருந்தால் இறங்கித் தள்ளுவதில் ஒன்றும் கேவலமில்லை. மழை பெய்த மறுநாள் மட்டும் போக வேண்டாம். சில்லுகளுக்கு இடையில் இருக்கும் கறுப்புத் தூள் களிம்பாகி டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் போய் அடைத்துக்கொள்ளும். அதை விரலால்தான் நோண்டி எடுக்க முடியும், அந்தக் கறுப்பு நகக்கண்ணை விட்டுப் போகச் சில நாள் ஆகும்.

இங்கேதான் எனக்கு இந்த இடத்தின் மேல் உண்மையான ஆர்வம் வந்தது. ஒரு கோடை மதியம் மேட்டுக்குக் கீழே சைக்கிளைச் சாய்த்துவிட்டு வெறும் கறுப்புத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றுமே இல்லை. காலை எடுத்து வைத்ததும் தரையிலிருந்து பளிச்சென்று ஒரு நீலம் எழும்பி, இரண்டு மூன்று மீட்டர் பறந்து, இறங்கின இடத்தில் காணாமல் போய்விட்டது. குனிந்து ரொம்ப நேரம் தேடின பிறகுதான் தெரிந்தது, கல்லின் நிறத்திலேயே உடம்பு, பட்டை பட்டையாகக் கோடு, ஒரு வெட்டுக்கிளி. நீலம் முழுக்க உள்றெக்கையில். மூடிக்கொண்டால் அது ஒரு கல். வெயில் காய்ந்த, புல் முளைக்காத, மொட்டைத் தரை இருந்தால்தான் இந்த நீலச்சிறகு வெட்டுக்கிளி வாழும். கறுப்புக் கல் வெயிலை அப்படியே உறிஞ்சுவதால், ஐரோப்பாவின் இந்தக் குளிர்ப் பக்கத்தில் இவ்வளவு சூடான தரை வேறெங்கும் கிடைப்பது கஷ்டம். சுரங்கக் கம்பெனிகள் குப்பை என்று கொட்டியது தெற்கத்திச் சூட்டுக்கு ஏங்குகிற பூச்சிக்கு வீடாகிவிட்டது.

வெட்டுக்கிளி மட்டுமில்லை. முதுகில் மஞ்சள் கோடு போட்ட ஒரு தேரை இனம் உண்டு, அது தாவாது, எலி மாதிரி ஓடும். முட்டையிட அதற்கு ஆழமான குளம் பிடிக்காது, மீனும் தும்பி லார்வாவும் இல்லாத, சீக்கிரம் சூடேறுகிற, ஒரு சாண் ஆழக் குட்டைதான் பிடிக்கும். வசந்த காலத்தில் அப்படிப்பட்ட குட்டை எங்கே கிடைக்கும்? லாரி போன தடத்தில். பாதை நடுவில். அதாவது நம்மில் பலர் "ஜாலியாக" தண்ணீர் தெறிக்க ஓட்டுகிற அதே இடத்தில். சுற்றிப் போகலாம் என்று ஓரத்தில் ஓட்டினால் பாதை அகலமாகிக்கொண்டே போய்ப் புதரை மிதிக்கும். ஏப்ரலில் இருந்து ஜூன் வரை தண்ணீருக்குள் கறுப்பு முத்துச் சரம் மாதிரி ஏதாவது கண்ணில் பட்டால் நான் இறங்கி, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓரமாகத் தாண்டிவிடுகிறேன். பின்னால் வருகிறவர்கள் என்ன நினைத்தாலும் சரி. பக்கிப் பறவையும் அப்படித்தான், கூடு என்று ஒன்றும் கட்டாமல் புதர்வெளியின் வெறும் தரையில் முட்டையிடும். பகலில் கிளைச் சருகோடு சருகாக அசையாமல் கிடக்கும், சக்கரம் பக்கத்தில் வரும்வரை நகராது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதைப் பேசாமல் இருக்க முடியாது. மொட்டைத் தரை தானாக மொட்டையாக இருக்காது. விட்டுவிட்டால் முதலில் பாசி, அப்புறம் புல், அப்புறம் பிர்ச் கன்றுகள், கொஞ்ச வருஷத்தில் நிழல் மூடி, வெட்டுக்கிளி போய்விடும். ஆகவே பூங்காவில் ஆட்டு மந்தை மேய்க்கிறார்கள், புல்பத்தையைச் சுரண்டி எடுக்கிறார்கள், மரக்கன்றைப் பிடுங்குகிறார்கள். உடனே நம் ஆட்களில் ஒருவர் சொல்வார்: "அப்போ நாம ஓட்டறதும் நல்லதுதானே, தரை மொட்டையா இருக்குமே." கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஆடு ஓரிடத்தில் ஒரு நாள் மேய்ந்துவிட்டு நகர்ந்துவிடும், எங்கே எப்போது மேய வேண்டும் என்று யோசிக்க ஓர் ஆள் உண்டு. நாம் எல்லோரும் ஒரே கோட்டில், ஒரே ஞாயிற்றுக்கிழமையில், முட்டையிடும் காலத்திலும் சேர்த்து ஓட்டுகிறோம். சறுக்கிவிட ஆசையைத் தூண்டுகிற அந்த மொட்டைக் கறுப்புச் சரிவுதான் அங்கே வாழ்கிறவற்றுக்கு மிக முக்கியமான இடம். அதனால் பாதையை விட்டு இறங்குவதில்லை என்பதில் எனக்கு இப்போது பேரமே கிடையாது.

எந்தப் பாதையில் சைக்கிள் போகலாம் என்பது நுழைவுப் பலகையில் வரைபடத்தோடு இருக்கும். ஒவ்வொரு மேட்டுக்கும் வேறு, ஒவ்வொரு காட்டுக்கும் வேறு. மேட்டுக்கு ஏறும் படிக்கட்டுகளும் சில ஒற்றையடிப் பாதைகளும் நடப்பவர்களுக்கு மட்டும். செயலிகளில் வரும் வெப்ப வரைபடத்தில் ஒரு கோடு நன்றாகச் சிவந்திருக்கிறது என்றால் அங்கே நிறையப் பேர் போயிருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம், போகலாம் என்று அர்த்தமில்லை. பழைய சுரங்க நிலத்தில் வேலிக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஜெர்மனியின் பழுப்பு நிலக்கரிப் பகுதிகளில், கொட்டி நிரப்பிய மண் பார்க்க உறுதியாக இருக்கும், தண்ணீர் ஏறினால் திடீரென்று கூழாகி ஓடிவிடும். 2009 ஜூலையில் நாக்டெர்ஸ்டெட் என்கிற ஊரில் பழைய குழியின் கரை அப்படியே ஏரிக்குள் சரிந்து, வீடுகளோடு மூன்று பேர் போய்ச் சேர்ந்தார்கள். "உயிருக்கு ஆபத்து" என்ற பலகையைப் பார்த்தால் அது சும்மா மிரட்டுவதற்கு வைத்தது இல்லை.

லிம்பர்கிலும் தரை இறங்கியிருக்கிறது. கரியை எடுத்த இடம் கீழே மெல்ல மெல்ல மூடிக்கொள்ள, மேலே ஐஸ்டன் பக்கத்துப் பள்ளத்தாக்கு பல மீட்டர் தாழ்ந்துவிட்டது. நிலத்தடி நீர் வீடுகளுக்குள் வராமல் இருக்கச் சுரங்கம் மூடி இத்தனை வருஷம் கழித்தும் பம்பு ஓடிக்கொண்டே இருக்கிறது, எப்போது நிறுத்தலாம் என்றால் நிறுத்தவே முடியாது. மேட்டின் மேலே நின்று பார்க்கும்போது பச்சைப் பசேல் என்று தெரிகிற அந்தக் காட்சிக்கு ஒரு மின்கட்டணம் உண்டு என்பது எனக்கு ஏனோ பிடித்த தகவல்.

மெகல்சே ஹைடே என்கிற புதர்வெளியின் பக்கத்தில் வெள்ளை மணல். கண்ணாடி செய்ய உதவுகிற, கிட்டத்தட்ட சுத்தமான சிலிக்கா. அந்தக் குழிகளில் ஒரு பகுதியில் இன்னமும் மணல் எடுக்கிறார்கள், எடுத்து முடித்த பகுதி இயற்கைக்குத் திரும்புகிறது. சுமார் 700 ஹெக்டேர் புதர்வெளியின் ஓரத்தில் நின்று அந்த வெள்ளைக் குழியைப் பார்த்தால் கண் கூசும். ஓட்டுவதற்கு மணல்தான் எல்லாவற்றிலும் கொடுமை. கனமான கியரில் போட்டுக்கொண்டு வேகமாக உள்ளே நுழைந்து, ஹேண்டிலைப் பிடிக்காத மாதிரி பிடித்து, தூரத்தில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டு, என்ன ஆனாலும் பிரேக் போடாமல் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். கீழே சக்கரத்தைக் குனிந்து பார்த்தால் முடிந்தது.

டயர் பற்றிக் கேட்பார்கள் என்பதால் சுருக்கமாக. இந்த மூன்று தரைக்கும் சேர்த்து 45 மில்லிமீட்டர், டியூப்லெஸ், 2 பாருக்குக் கொஞ்சம் கீழே அழுத்தம். கனமான ஆளாக இருந்தால் ஏற்றிக்கொள்ளுங்கள். மேலே புடைப்பு அதிகம் இல்லாத, பக்கச் சுவர் தடிமனான டயர் நல்லது, கறுப்புச் சில்லு வெட்டுவது நடுவில் இல்லை, பக்கத்தில்தான். அப்படி வெட்டினால், ஓட்டையை அடைக்க டயருக்குள் ஊற்றி வைக்கும் சீலன்ட் திரவம் அடைக்காது. வெட்டுக்கு உள்பக்கம் வைத்து மூடுகிற மாதிரி ஒரு துண்டும் ஒரு டியூபும் பையில் இருக்கட்டும்.

வழி கண்டுபிடிக்கச் சிரமமே இல்லை. சந்திப்புக்குச் சந்திப்பு எண் போட்ட பலகை இருக்கும், போக வேண்டிய எண்களை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு கிளம்பிவிடலாம். இப்போது பெல்ஜியம், நெதர்லாந்து முழுக்கப் பரவியிருக்கும் இந்த முறை லிம்பர்கில்தான் 1995-ல் ஆரம்பித்தது. யோசனை ஹியூகோ போலன் என்கிற சுரங்கப் பொறியாளருடையது. அதையும் சுரங்கக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். எண் போட்ட வழிகள் பெரும்பாலும் வழுவழு பாதைகள், கிராவல் ஆட்கள் அங்கிருந்து பக்கவாட்டில் பிரிந்து, மீண்டும் வந்து சேர்ந்துகொள்வோம். பழைய கரி ரயில் பாதைகள் மேல் போட்ட வழிகளும் உண்டு. ரயிலால் செங்குத்து ஏற முடியாது என்பதால் சரிவு கண்ணுக்கே தெரியாது, ஆனால் சமதரையில் ஏன் இவ்வளவு மூச்சு வாங்குகிறது என்று யோசித்துக்கொண்டே மிதிப்பீர்கள். 2021-ல் புதர்வெளியின் மேல் சைக்கிளுக்கென்றே ஒரு மரப்பாலம் கட்டினார்கள். நம் கூட்டத்தில் சிலருக்கு அதைக் கிண்டல் செய்வது ஒரு பொழுதுபோக்கு. எனக்குப் பிடிக்கும். வயதானவர்கள், பின்சீட்டில் குழந்தையோடு வருகிறவர்கள் எல்லோரும் அதன் மேல் நின்று பார்க்கிறார்கள், கீழே தரையில் பல்லி நிம்மதியாக இருக்கிறது.

மாஸ் ஆற்றுக்கு அந்தப் பக்கம், டச்சு லிம்பர்கிலும் கரி இருந்தது. கடைசிச் சுரங்கத்தை 1974-ன் கடைசி நாளில் மூடினார்கள். மூடின கையோடு கோபுரங்களை இடித்து, மேடுகளைப் பெரும்பாலும் கரைத்து, "கறுப்பிலிருந்து பச்சைக்கு" என்று சொல்லி ஊரையே துடைத்துவிட்டார்கள். 2025-ன் உலக கிராவல் சாம்பியன்ஷிப் அந்தப் பகுதியில்தான் நடந்தது. அருமையான குன்றுகள், அருமையான பாதைகள், ஆனால் அங்கே ஓட்டும்போது சுரங்கம் இருந்த இடத்தை யாராவது கைகாட்டிச் சொன்னால்தான் உண்டு. இந்தப் பக்கம் அப்படியே விட்டுவைத்ததற்குப் பெரிய தத்துவம் ஏதும் காரணமாக இருந்திருக்காது, மூடியதே தாமதம், அதற்குள் காலமும் மாறியிருந்தது. ஆனாலும் எனக்கு இந்தப் பக்கம்தான்.

ஹெதர் பூக்கிற ஆகஸ்ட் கடைசியில் எல்லோரும் வருவார்கள், அந்த வார இறுதிகளில் சைக்கிளை வீட்டில் வைத்துவிட்டு நடந்து பார்ப்பது உத்தமம். ஓட்டுவதற்கு என் ஓட்டு அக்டோபருக்கு. முட்டைக் காலம் முடிந்திருக்கும், மணல் ஈரத்தில் இறுகியிருக்கும், கறுப்புச் சில்லு இன்னும் களிம்பாகியிருக்காது, கூட்டமும் இருக்காது.